அறுபதில் வை, தம்பி

தம்பி,

அம்மா போனில் சொன்னால் நீ பாதியிலேயே பதறிப்போய் ஜொகூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து கடைசி வரை படி, நடுவில் எனக்குப் போன் அடிக்காதே. கையெழுத்து கோணலாக இருக்கிறதே, வரிகள் வலப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து போகின்றனவே என்று உனக்குத் தோன்றும். அதற்குக் காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன். தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், பார். அது அலங்காரத்துக்கு இல்லை. அந்தக் கோடு கண்ணில் படும் வரை தலையைத் திருப்ப வேண்டும், பட்ட பிறகுதான் வரியைத் தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் கேமரா விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நீ கேட்டது அதைத்தான். அப்பாவின் கேமரா கெட்டுப்போகவில்லை. உனக்குப் பரிசம் போட்டு நிச்சயம் செய்த அன்று, தம்பின் ஊரில் ஷாலினி வீட்டுக் கூடத்தில் உன் நண்பன் பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் இடப்பக்கம் மட்டும் கருப்பாக, அளவுகோல் வைத்து வெட்டியதுபோல இருக்கிறது அல்லவா? ஷட்டர் ஸ்பீடை நூற்றிருபத்தைந்தில் வைத்தால் அந்தக் கேமராவில் அப்படித்தான் வரும். உள்ளே இரண்டு துணித் திரைகள் இருக்கின்றன. முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாம் திரை பின்னாலேயே ஓடி மூடும். அறுபதில் வைத்தால், முதல் திரை முழுதாக விலகி, இரண்டாம் திரை இன்னும் கிளம்பாமல் நிற்கும் ஒரு கணம் கிடைக்கும். பிளாஷ் அந்தக் கணத்தில் வெட்டினால் பிலிம் முழுவதிலும் வெளிச்சம் விழும். நூற்றிருபத்தைந்தில் வைத்தால், பிளாஷ் வெட்டும்போது இரண்டாம் திரை பாதி தூரம் வந்துவிட்டிருக்கும். அது மறைத்த பக்கம் இருட்டு. உன் புதுக் கேமரா இருநூறு வரைக்கும் ஒத்துக்கொள்ளும், அந்தப் பழக்கத்தில் நீ நூற்றிருபத்தைந்து குறைவுதானே என்று நினைத்து வைத்துக் கொடுத்திருப்பாய். அப்பாவின் கேமராவில் மேலே இருக்கும் வட்டத்தைப் பார். எல்லா எண்களும் வெள்ளை, அறுபது மட்டும் சிவப்பு. அதற்குக் கீழே முப்பதுக்குப் போகலாம், மேலே போகக் கூடாது.

அதே கேமராவின் பக்கவாட்டில் வயர் செருக இரண்டு துளைகள் இருப்பதையும் நீ கவனித்திருக்க மாட்டாய். ஒன்று ஒரே தடவை எரிந்து தீரும் பழைய பிளாஷ் பல்புகளுக்கு, இன்னொன்று, எக்ஸ் என்று எழுதியிருப்பது, இப்போதைய பிளாஷுக்கு. பல்பு பற்றி எரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதனால் அந்தத் துளை முன்கூட்டியே சைகை கொடுக்கும். பிளாஷுக்கு அந்தத் தாமதம் கிடையாது. உன் அப்பா பல்பை விட்டுவிட்டு முதன்முதலாகப் பிளாஷ் வாங்கிய நாட்களில், சுவா ஊர்ப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து வாத்தியார் மகளின் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனோம். வாரம் முழுக்க அவர் தோட்டத்து லாரி ஓட்டுவார், நான் பால் மரம் வெட்டுவேன், ஞாயிற்றுக்கிழமையானால் அவர் கையில் கேமரா, நீள வயரில் தொங்கும் பிளாஷ் என் கையில். அன்றைக்கு வயர் பழைய பழக்கத்தில் பல்புத் துளைக்குப் போய்விட்டது. தாலி கட்டும்போது வெட்டினோம், மாலை மாற்றும்போது வெட்டினோம், ஒவ்வொரு வெட்டுக்கும் சனம் கண்ணைச் சிமிட்டியது. பிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. திரை திறப்பதற்கு முன்பே வெளிச்சம் வந்து போய்விட்டிருந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்த வெளிச்சத்தைப் பிலிம் மட்டும் பார்க்கவில்லை.

பிலிம் பழையது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான்கூட அப்படித்தான் யோசனை சொன்னேன். உன் அப்பா கேட்கவில்லை. அவர்கள் படம் கேட்டு வருவதற்கு முன்பே என்னையும் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போய், "வயர தப்பா சொருகிட்டேன் சார், படம் ஒண்ணும் விழல," என்று நின்றார். வாத்தியார், "தாலிய இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டார். கல்யாணப் பெண்தான் உள்ளேயிருந்து வந்து, "தாலி வேணாம்பா, மத்ததெல்லாம் எடுக்கட்டும். சேல கட்ட எனக்கு என்னா சோம்பல்? ஆனா ஒங்க மாப்பிள்ளைதான் பத்துமலை முருகனுக்கு மொட்ட போட்டுட்டு வந்து நிக்கிறாரு," என்றாள். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டி, வாடாத மாலைகளை வாங்கிப் போட்டு எல்லாவற்றையும் எடுத்தோம். அந்த ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் மாப்பிள்ளை பெரிய இடம்போல என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

அந்த நாளை இப்போது நினைக்கக் காரணம், யாரும் கேட்டு வருவதற்கு முன்னால் நான் போய்ச் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடமும் இருக்கிறது. நீ கேட்டுவிட்டாய்தான். ஆனால் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பரிசத்தன்று நீங்கள் இருவரும் என் காலில் விழுந்தீர்கள். நான் உன் நெற்றியில் திருநீறு பூசினேன், தலையில் கை வைத்தேன், திரும்பி ஷாலினியின் அம்மாவிடம் பேசப் போய்விட்டேன். உன் பக்கத்தில் அந்தப் பெண் நெற்றியை நிமிர்த்திக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்திருக்கிறாள். அதற்கு முன்னால் பலகாரத் தட்டை நீட்டி, "எடுத்துக்குங்க ஆன்ட்டி," என்று கேட்டிருக்கிறாள், நான் முகத்தைத் திருப்பி வேறு தட்டிலிருந்து எடுத்திருக்கிறேன். கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தாத்தா தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி, நம் வீட்டில் எல்லோரும் பால் வெட்டினவர்கள். அதனால்தான் மாமியார் இப்போதே கணக்குத் தீர்க்கிறாள் என்று அவர்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். பேசாமல் என்ன செய்வார்கள்? அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட நீளமாகப் பேசியிருப்பேன்.

தம்பி, நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன் என்று இல்லை, என் கண்ணுக்கு அவள் அங்கே இல்லை. கூடத்துச் சத்தத்தில் அவள் குரலும் எனக்குத் தனியாகக் காதில் விழவில்லை. நீ தனியாக விழுகிறாய், அவள் உள்ளே சேலை மாற்றப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். அதற்கு முந்தின வாரம் சிரம்பான் பாசாரில் எனக்குத் தலை சுற்றிக் காய்கறிக்காரி நாற்காலி போட்டு உட்காரவைத்தாள் என்று சொன்னேனே, நீகூட வெயில் என்றாய். வெயில் இல்லை. மூளையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்கிறார் டாக்டர். கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, வாய் எப்படி இருக்கிறது என்று உனக்கே தெரியும். இடப்பக்கப் பார்வை மட்டும் போய்விட்டது, இரண்டு கண்ணிலும்.

அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே உன் கருப்புப் படங்கள்தான். நீ வாட்ஸ்அப்பில் அவற்றை அனுப்பியபோது நான் என்ன பதில் போட்டேன்? "ரொம்ப நல்லா இருக்கு" என்று போட்டேன், ஒரு பூவையும் சேர்த்து. கொஞ்ச நேரத்தில் நீ போன் அடித்தாய். "பொண்ணே தெரியாத படம் ஒனக்கு நல்லா இருக்காம்மா? அவளப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடு. அன்னிக்கும் அப்படித்தான் பண்ண. ஷாலினி அழுதுகிட்டு இருக்கா," என்றாய். நீ என்னிடம் அப்படிக் குரல் உயர்த்தியதே கிடையாது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை அப்படி இப்படி நகர்த்தினேன். வலப்பக்கமாகத் தள்ளிப் பிடித்தபோதுதான் அந்தக் கருப்புப் பாதி எனக்குத் தெரிந்தது. அதுவரை நீ இருந்த பாதியைத்தான் முழுப் படம் என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் முன்னால் போய் நின்றேன். ஒரு கண்ணை மூடிப் புதன்கிழமையைப் பார்த்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் இல்லை. அடுத்த கண்ணை மூடிப் பார்த்தேன், அதே மூன்று நாட்கள் இல்லை. இரண்டு லென்ஸிலும் ஒரே பக்கம், ஒரே மாதிரிக் கெட்டுப்போகுமா? உன் அப்பாவோடு இருந்த பழக்கம், கோளாறு லென்ஸில் இல்லை, உள்ளே திரையில்தான் என்று அப்போதே தோன்றியது. ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களைக் காட்டி டாக்டரும் கண்ணில் பழுதில்லை என்றுதான் சொன்னார். ஒரே ஒரு வித்தியாசம், அதை உனக்குப் புரியவைப்பது கஷ்டம். கேமரா விட்ட இடத்தில் கருப்பு இருக்கிறது, பார்த்ததும் ஏதோ தப்பு என்று தெரிகிறது. எனக்குக் கருப்பே தெரியவில்லை. அந்த இடம் இல்லாமலே கூடம் முழுசாக இருந்தது. அதனால்தான் தட்டில் பாதிச் சோறு மிஞ்சியபோதும், கதவு நிலையில் தோள் இடித்தபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கார் பட்டறையில் கிடக்கிறது என்று உன்னிடம் சொன்னேனே, அது வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஓட்டக் கூடாது என்றுவிட்டார்கள்.

தெரிந்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லத்தான் போனை எடுத்தேன். அதற்குள் உன் அத்தை கூப்பிட்டாள். நீ அனுப்பிய படங்களை அவளும் பார்த்திருக்கிறாள். "என்னா அண்ணி, எல்லாப் படத்துலயும் பொண்ணு பக்கம் பூரா கருப்பா இருக்கு. நல்லதுக்கா இது? ஐயருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, தேதிய கொஞ்சம் தள்ளி வைக்கலாம்லா," என்றாள். ஸ்பீடு தப்பு, வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். "மிஷினு எதுக்கு அந்தப் பொண்ண மட்டும் மறைக்குது?" என்றாள். இன்னொரு படத்தில் அவளே இடது ஓரத்தில் நின்று பாதி முகம் இருட்டில் இருக்கிறாள், அதற்கு என்ன பலன் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். கெட்டவள் இல்லை உன் அத்தை. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் பேசுகிறாள், அவளுக்கு அண்ணனும் போய்விட்டார்.

ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. ஒரு படத்துக்கே இப்படி என்றால், பரிசம் போட்ட நேரத்தில் மாமியாருக்கு மூளையில் அடைப்பு, பாதிப் பார்வை போய்விட்டது என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள்? ராசி இல்லாதவள் என்று அந்தப் பெண் தலையில் கட்டிவிடுவார்கள். அவள் நம் வீட்டுப் படி ஏறும் முன்பே அந்தப் பேர் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு ஆயுசுக்கும் இறங்காது. கல்யாணம் முடியட்டும், அதன் பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அவளைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. அவளோ மாமியாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று ராத்திரியும் பகலும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். போன வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். "ஆன்ட்டி, நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்று இருந்தது. படித்துவிட்டு அழுதேன். அதன் பிறகும் மூடிக்கொண்டு உட்கார எனக்கு மனசு வரவில்லை.

இந்தக் கடிதத்தை முதலில் ஷாலினியிடம் கொடு. உனக்கு எழுதியதுதான், ஆனால் இதை யார் யார் படிக்கலாம் என்று அவள்தான் சொல்ல வேண்டும், பேச்சு வந்தால் அவள்மேல்தானே வரும். அவள் சரி என்றால், நம் குடும்பக் குழுவில் அப்படியே போட்டுவிடு, உன் அத்தை உட்பட எல்லோரும் படிக்கட்டும். படிக்கிற சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு அடைப்பு வந்தது பரிசத்துக்கு முந்தின வாரம். அதுவும் வருஷக்கணக்காக ஏறிக்கொண்டே இருந்த பிரஷரால். மாத்திரையை ஒழுங்காகப் போடாமல், தினமும் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்று இருந்தவள் நான். யாருக்காவது ராசி பார்த்தே ஆக வேண்டும் என்றால் அந்தக் கருவாட்டுக்குப் பாருங்கள். தேதியைத் தள்ளி வைக்கிற பேச்சை என் காதில் யாரும் போட வேண்டாம். போன பார்வை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும் என்கிறார் டாக்டர், தேதி தள்ளினால் அது திரும்பி வந்துவிடாது.

உனக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. அன்றைக்கு நீ என்னிடம் கத்தினாயே, அது சரி. கட்டிக்கொள்ளப் போகிறவள் அழுகிறாள் என்றால் அம்மாவாக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். உன் அப்பா தன் வீட்டாரிடம் எனக்காக அப்படி ஒருநாளும் கேட்டதில்லை, அந்த வருத்தம் எனக்கு வெகுநாள் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். அடுத்த தடவை கேட்டுவிட்டு, பதில் வரும் வரை வைக்காமல் இரு. பிளாஷின் பின்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது, அது எரிவதற்கு முன் அழுத்தினால் அரைகுறை வெளிச்சம்தான் வரும். இது பெண்டாட்டியிடம் பேசுவதற்கும் பொருந்தும் என்று எழுத நினைத்தேன், அதை நீயே போகப் போகக் கண்டுபிடித்துக்கொள்.

கல்யாணத்துக்கும் அதே கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். கருப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்திருப்பாய். வேண்டும், எடு. பெட்டியில் நீள வயரும், கேமராவுக்குக் கீழே மாட்டும் இரும்புப் பிடியும் இருக்கின்றன. வயரின் முனை லூசாக இருந்தால் சில வெட்டு விழும், சில வெட்டு விழாது, அதனால் புது வயர் ஒன்று வாங்கி எக்ஸ் துளையில் செருகு. பிளாஷைப் பிடியில் மாட்டிக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பின்சுவரில் தலை நிழல் அடிக்காது. நகை பளீரென்று கண்ணைக் குத்தினால் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிளாஷின் மேலே கட்டு. அப்பாவின் அந்தப் பழைய பிளாஷை மறந்தும் உன் புதுக் கேமராவின் தலையில் மாட்டிவிடாதே. அதிலிருந்து வரும் கரண்டைப் புதுக் கேமரா தாங்காது, உள்ளே பொசுங்கிவிடும். முக்கியமாக, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரோலை வீணாக்கி எடுத்துக் கழுவிப் பார்த்துவிடு.

என்னைப் பற்றிப் பயப்படாதே. தெரப்பி கொடுக்கும் பெண் நல்ல பெண், கறாரானவள். தெமியாங்கில் நம் வீட்டு வீதியைத் தாண்டுவதற்கு முன், இடப்பக்கம் தோள் வரைக்கும் தலையைத் திருப்பித் தேட வேண்டும் என்று நடத்திக் காட்டியிருக்கிறாள். கல்யாணத்தன்றும் அப்படித்தான் செய்வேன். மணவறைக்கு எதிரே நான் நிற்கும்போது ஷாலினி உன் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எதிரே இருக்கும் எனக்கு அது இடப்பக்கம், அவள் தெரிய மாட்டாள். நான் தலையைத் திருப்பித் திருப்பி அவளைத் தேடுவேன். மாமியார் முறைக்கிறாள் என்று யாராவது சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும், நான் தேடுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

தாலி ஏறியதும் அவளை எழுப்பி உன் இடப்பக்கத்துக்கு மாற்றி உட்காரவைப்பார்கள். எத்தனை கல்யாணத்தில் பிளாஷைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், ஏன் இந்த மாற்றம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. உன் இடப்பக்கம் எனக்கு வலப்பக்கம், தம்பி. அவள் அங்கே வந்து உட்கார்ந்ததும் நான் தலையைத் திருப்பாமலே அவள் முகம் முழுசாக எனக்குத் தெரியும். இருவரும் அப்படியே எழுந்து வந்து விழுங்கள். முதல் திருநீறு அவளுக்கு, மிச்சம் இருந்தால் உனக்கு. அந்த ஒரு படத்தை மட்டும் உன் நண்பன் அவசரப்படாமல், சிவப்பு அறுபதில் வைத்து எடுக்கட்டும். அதில் அவளும் நானும் இரண்டு பேரும் தெரிய வேண்டும்.

இடப்பக்கமும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா